பொத்தானில் எழுதாத விலை

வியூக விளையாட்டுகளைப் பற்றிய உரையாடல்களில் வரைகலை பேசப்படுகிறது. படைகளுக்கிடையிலான சமநிலை பேசப்படுகிறது. கணினி எதிராளியின் திறமை பேசப்படுகிறது. ஒரு படையலகின், அதாவது ஆட்டக்காரர்கள் யூனிட் என்றே அழைப்பதன், விலை திரையில் எங்கே, எப்படி, எவ்வளவு முழுமையாகக் காட்டப்படுகிறது என்பது அநேகமாகப் பேசப்படுவதே இல்லை. ஓவியர் படங்களை வரைந்து முடித்த பிறகு மிஞ்சிய இடத்தில் எண்களைச் செருகும் வேலையாகவே அது எண்ணப்படுகிறது. வியூக விளையாட்டு அடிப்படையில் செலவழிப்பதைப் பற்றிய விளையாட்டு. எதை வாங்குவது, எதை விடுவது, எப்போது வாங்குவது என்ற கேள்விகளை அகற்றிவிட்டால் எஞ்சுவது பொம்மைப் படைகளின் மோதல் மட்டுமே. சதுரங்கத்தில் குதிரை எவ்வாறு நகரும் என்பது எப்படி ஒரு விதியோ, அப்படியே இங்கு விலையும் ஒரு விதி. பொத்தானை அழுத்தும் கணத்தில் அந்த விதி ஆடுபவரின் கண்முன் முழுமையாக இருக்க வேண்டும். அதை மறைப்பதால் விளையாட்டுக்கு ஆழம் கூடுவதில்லை.

1999ல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இந்தியக் கல்லூரி விடுதிகளில் பலர் இரவெல்லாம் விழித்திருந்து ஆடிய இந்த விளையாட்டு இன்றும் புதிய விரிவாக்கங்களுடன் உயிரோடு இருக்கிறது. உணவு, மரம், பொன், கல் என நான்கு வளங்கள். கிராமத்தவர் ஒருவரை உருவாக்க 50 உணவு. ஈட்டிவீரருக்கு 35 உணவும் 25 மரமும். வில்லாளிக்கு 25 மரமும் 45 பொன்னும். நைட் எனப்படும் கவசக் குதிரைவீரருக்கு 60 உணவும் 75 பொன்னும். கூட்டிப் பார்த்தால் ஈட்டிவீரரின் விலை 60, வில்லாளியின் விலை 70, குதிரைவீரரின் விலை 135. ஆனால் இந்தக் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய எந்தப் பொருளும் இல்லை. வயல் போட்டு உணவை விளைவித்துக்கொண்டே இருக்கலாம். காடு எளிதில் தீராது. பொன் சுரங்கமோ தீர்ந்துபோகும். ஆட்டம் நீண்டு சுரங்கங்கள் வற்றும்போது, வணிகமும் புனிதச் சின்னங்களும் கையில் இல்லாதவருக்குக் குதிரைவீரர் வெறும் நினைவாகிவிடுவார். பொன் கேட்காத ஈட்டிவீரரோ கடைசிவரை கிடைப்பார். ஆகவே விலையில் எத்தனை என்பதைவிட எது என்பதே பெரிய செய்தி.

இந்தப் பெரிய செய்தி பொத்தானின் முகத்தில் இல்லை. அங்கே இருப்பது வீரரின் சிறு ஓவியம். சுட்டியை அதன்மேல் கொண்டுசென்று நிறுத்தினால்தான் விலை தோன்றும். ஆட்டமோ நிற்பதில்லை, எதிராளியின் குதிரைகள் வயலுக்குள் புகுந்துகொண்டிருக்கும். அனுபவம் மிக்கவர் சுட்டியைப் பொத்தானருகே கொண்டுசெல்வதே இல்லை. விசைப்பலகைக் குறுக்குவழியால் படையைப் பெருக்கிக்கொண்டு போவார். அவருக்கு விலை மனப்பாடம். ஆக, தெரிந்தவருக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை; தெரியாதவருக்கோ அதைப் படிக்க நேரமில்லை. 2023 சனவரியில் இதே விளையாட்டு எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது சுட்டியே இல்லாத ஆட்டக்காரர் கூட்டம் ஒன்று உள்ளே வந்தது. தொடுதிரைக் கருவிகளிலும் மேலே கொண்டுசென்று நிறுத்துதல் என்ற செயலே கிடையாது. விரல் பட்டால் வாங்கியாயிற்று. சுட்டியின் காலத்தில் உருவான ஒரு பழக்கம், சுட்டி போன பின்னும் வடிவமைப்பாளர்களின் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டொனால்ட் நார்மன் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி எழுதியபோது, தலைக்குள் இருக்கும் அறிவு, உலகில் இருக்கும் அறிவு என இரண்டைப் பிரித்துக் காட்டினார். அடுப்பின் எந்தக் குமிழ் எந்தத் தீயைக் கட்டுப்படுத்துகிறது என்பது குமிழின் இருப்பிடத்திலேயே தெரிந்தால் அது உலகில் இருக்கும் அறிவு. நினைவில் வைத்துத்தான் தீரவேண்டும் என்றால் அது தலைக்குள் இருக்க வேண்டிய அறிவு. விலையைத் தலைக்குள் தள்ளும் இடைமுகம் ஆடுபவரின் கவனத்தின்மேல் ஒரு வரி விதிக்கிறது. அந்த வரி அனைவர்மேலும் சமமாக விழுவதில்லை. புதியவர்மேலும், வாரத்தில் ஒரு மணிநேரம் மட்டுமே ஆட வாய்ப்புள்ளவர்மேலும், ஆங்கிலம் மெதுவாகப் படிப்பவர்மேலும் அது கூடுதலாக விழுகிறது. கடைசியாகச் சொன்ன கூட்டம் இந்தியாவில் சிறியதன்று. எண்ணையும் வளத்தின் படத்தையும் படிக்க ஆங்கிலம் வேண்டாம்; நீண்ட விளக்கக் குறிப்பைப் படிக்க வேண்டும்.

இதற்கு எதிராக மூத்த ஆட்டக்காரர்கள் முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு. விலைகளை மனத்தில் பதித்துக்கொள்வதும் திறமையின் பகுதியே. எல்லாவற்றையும் திரையில் எழுதிவிட்டால் விளையாட்டு எளிமையாகிவிடும் என்பர். உழைத்துப் பெற்ற ஒன்றை இன்னொருவர் இலவசமாகப் பெறும்போது எழும் மனக்குறை இதில் சிறிது கலந்திருக்கிறது என்றாலும், வாதத்தை வாதமாகவே எடுத்துக்கொள்ளலாம். 1995ல் கிளாஸ் டொய்பர் உருவாக்கிய கேட்டன் பலகை விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு விலை அட்டை தரப்படுகிறது. சாலைக்கு ஒரு செங்கல், ஒரு மரம்; குடியிருப்புக்குச் செங்கல், மரம், கம்பளி, தானியம் ஒவ்வொன்று; நகரமாக்க மூன்று தாது, இரண்டு தானியம். ஆட்டம் முழுவதும் அந்த அட்டை முன்னாலேயே கிடக்கிறது. அதனால் கேட்டன் சிறுபிள்ளை ஆட்டமாகிவிட்டது என்று எவரும் சொன்னதில்லை. கம்பளியை எவரிடம் எதற்கு மாற்றுவது, எந்த மூலையை முந்திப் பிடிப்பது என்பதில்தான் அங்கே மூளை வேலை செய்கிறது.

கணினியிலும் சான்று உண்டு. 2018ல் வெளியான இன்டு தி பிரீச் எதிரிகள் அடுத்து எங்கே, யாரைத் தாக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கட்டம் கட்டமாகக் காட்டிவிடுகிறது. மறைவு ஏறக்குறைய எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அது நெற்றியைச் சுருக்க வைக்கும் கடினமான விளையாட்டு. எல்லாம் தெரிந்த பிறகும் என்ன செய்வது என்று தெரியாத நிலைதான் வியூகத்தின் இன்பம். வாய்பாடு தெரியாமல் திணறுவதைக் கணித ஆழம் என்று எவரும் அழைப்பதில்லை.

எண்ணைப் பொத்தானின்மேல் ஒட்டிவிட்டால் கடமை முடிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஒட்டப்பட்ட எண் உண்மையான விலைதானா என்பதே அடுத்த கேள்வி.

ஸ்டார்கிராஃப்ட் வரிசையில் செர்க் என்னும் உயிரினப் படையை எடுத்துக்கொள்ளலாம். செர்க்ளிங் என்ற சிறு விலங்குக்கு 50 கனிமம் எனப் பொத்தான் சொல்கிறது; அழுத்தினால் இரண்டு பிறக்கின்றன. இது வாங்குபவருக்குச் சாதகமான வியப்பு, யாரும் குறைகூற மாட்டார்கள். ஆனால் அதே படையின் கட்டடங்களைப் பாருங்கள். டிரோன் என்ற உழைப்பாளி தன் உடலையே கட்டடமாக மாற்றிக்கொள்கிறது; கட்டடம் எழுந்ததும் உழைப்பாளி இல்லை. ஸ்டார்கிராஃப்ட் 2ல் ஸ்பானிங் பூல் என்ற அடிப்படைக் கட்டடத்துக்குப் பொத்தானில் காட்டப்படும் விலை 200 கனிமம். கரைந்துபோகும் டிரோனின் விலை 50. உண்மையில் போவது 250. அந்த டிரோன் இனி தோண்டியிருக்கக்கூடிய கனிமம் கணக்கில் சேரவில்லை. மறுபக்கம், மக்கள்தொகை வரம்பில் ஓர் இடம் விடுபடுகிறது. அது ஒரு வரவு. இந்தப் பரிமாற்றம் முழுவதும் செர்க் படையின் உயிர்நாடி. அதன் குணமே இதுதான். அத்தனை முக்கியமான ஒன்றைப் பொத்தான் சொல்வதில்லை. எண்ணுக்கு அருகில் சிறிய டிரோன் படம் ஒன்றை வைத்திருந்தால் போதும், சொல்லே வேண்டியிருந்திருக்காது.

முதல் ஸ்டார்கிராஃப்டில் கேரியர் என்ற பெருங்கப்பல் இதைவிட வெளிப்படையாக ஏமாற்றுகிறது. விலை 350 கனிமம், 250 வாயு. வாங்கி வெளியே வந்த கப்பலால் சுடவே இயலாது. அதன் ஆயுதமான சிறு விமானங்களை ஒவ்வொன்றும் 25 கனிமத்துக்குத் தனியே வாங்கி உள்ளே நிரப்ப வேண்டும். முதலில் நான்கு, மேம்பாட்டுக்குப் பின் எட்டு. எட்டையும் நிரப்பினால் கனிமக் கணக்கு 350லிருந்து 550 ஆகிறது. வண்டியை விற்றுவிட்டுச் சக்கரங்களுக்குத் தனியே பணம் கேட்பது போன்றது இது. போர் நடுவே விழும் விமானங்களை மீண்டும் நிரப்பும் செலவு வியூகத்தின் பகுதி, அதில் குறையில்லை. முதல் நிரப்பலின் செலவைச் சொல்லாமல் விட்டது குறை.

பராமரிப்புச் செலவுக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. 2002ல் வந்த வார்கிராஃப்ட் 3, பெரும்படை வைத்திருப்பவரின் வருவாயைக் குறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தி ஃப்ரோசன் த்ரோன் விரிவாக்கத்தின் கணக்கில், படையின் உணவளவு 50 வரை வரி இல்லை; 50ஐத் தாண்டினால் சுரங்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு 10 பொன்னிலும் 7 மட்டுமே கையில் சேரும்; 80ஐத் தாண்டினால் 4 மட்டுமே. ஃபுட்மேன் என்ற காலாள் வீரரின் விலை 135 பொன். வரியில்லாத நிலையில் அந்த 135ஐச் சேர்க்க உழைப்பாளிகள் சுரங்கத்துக்கு 14 நடை போய்வர வேண்டும். இரண்டாம் நிலையில் 20 நடை. மூன்றாம் நிலையில் 34 நடை. பொத்தானில் எழுதியிருப்பது மூன்று நிலையிலும் அதே 135.

இங்கே வடிவமைப்பாளர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். திரையின் மேல்பகுதியில் பராமரிப்பு நிலை பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் எழுத்தாகவே காட்டப்படுகிறது. ஒளித்துவைக்கவில்லை. ஆனால் அது நடந்துமுடிந்ததைச் சொல்லும் அறிவிப்பு. உணவளவு 49ல் நிற்கும்போது இரண்டு உணவு கேட்கும் காலாள் வீரரை வாங்கும் அந்தப் பொத்தான்தான் கோட்டைத் தாண்ட வைக்கிறது. எச்சரிக்கை அங்கே இருந்திருக்க வேண்டும். கண் கீழே, பொத்தானில். செய்தி மேலே, மூலையில். முடிவு எடுக்கப்படும் இடத்துக்கும் அதன் விளைவு எழுதப்படும் இடத்துக்கும் இடையே ஒரு திரை உயரம் இருக்கிறது.

இதைச் செம்மையாகச் செய்த விளையாட்டு ஒன்று பணமில்லாமலே கிடைக்கிறது. தன்னார்வலர்கள் 2003 முதல் வளர்த்துவரும் பேட்டில் ஃபார் வெஸ்நாத், படைசேர்க்கும் பட்டியலில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கருகிலும் பொன்னளவைப் போட்டுவிடுகிறது. ஈட்டிவீரருக்கு 14 பொன். ஒவ்வொரு வீரரும் தம் நிலைக்கேற்பச் சுற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று எனப் பராமரிப்புக் கேட்பர்; கைவசமுள்ள ஒவ்வொரு ஊரும் ஒரு நிலையளவைச் சுமந்துகொள்ளும். பொன், ஊர்கள், பராமரிப்பு, நிகர வருவாய் ஆகியவை மேல்பட்டையில் எப்போதும் அருகருகே நிற்கின்றன. இதில் ஓர் அழகான இக்கட்டும் உண்டு. முந்தைய போரில் தப்பிய வீரரை மீண்டும் அழைக்க, அவர் எந்த நிலையில் இருந்தாலும், வழக்கமான அமைப்பில் 20 பொன். அனுபவமற்ற ஈட்டிவீரரைப் புதிதாய்ச் சேர்க்க 14 போதும். அவரையே திரும்ப அழைத்தால் 20. மூன்றாம் நிலைத் தளபதியை அழைக்கவும் அதே 20தான், கொள்ளை மலிவு. ஆனால் ஊர்கள் சுமக்கவில்லை என்றால் பத்துச் சுற்றில் அவர் இன்னும் 30 பொன் தின்றுவிடுவார். இந்த எண்கள் யாவும் தெரிந்த பின்னும் யாரை அழைப்பது என்று தயங்கி நிற்பதே வெஸ்நாத்தின் சுவை. அந்தத் தயக்கம் எண்கள் தெரிவதால் பிறப்பது.

சிவிலைசேஷன் 6 வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டது. நகரின் உற்பத்திப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது விலையன்று, எத்தனை சுற்றில் முடியும் என்பதே. இது மனிதருக்கு இணக்கமான எண்தான். இத்தனை சுற்றுக்கு இந்த நகரம் வேறெதையும் செய்யாது என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடுகிறது. பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்களே, அதற்கு மிக நெருக்கமான வடிவம். சிக்கல் என்னவென்றால், புதிய ஊரை நிறுவும் குடியேறியின் விலை ஒவ்வொரு குடியேறிக்கும் ஏறிக்கொண்டே போகும். முதலில் ஐந்து சுற்றில் கிடைத்தவர் பின்னர் எட்டுச் சுற்று கேட்டால், விலை ஏறிவிட்டதா, இந்த நகரம் சோம்பலானதா என்று சுற்றுக்கணக்கை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. முதல் காரணம் என்றால் விரிவாக்கத்தை நிறுத்த யோசிக்க வேண்டும். இரண்டாவது என்றால் வேறு நகரில் உருவாக்க வேண்டும். இரு வேறு நோய்களுக்கு ஒரே அறிகுறி. இரண்டு எண்களும் அருகருகே நின்றால் குழப்பம் தீர்ந்துவிடும். அடுத்த குடியேறிக்கு என்ன விலை என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

தள்ளுபடியும் அப்படித்தான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல் பைசாந்தியருக்கு ஈட்டிவீரர் 25 விழுக்காடு மலிவு. 35 உணவும் 25 மரமும் 26 உணவும் 19 மரமுமாகக் குறைகின்றன. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடத்தரும் திராவிடர் தரப்புக்குக் காலாட்படைக் கூடத்தின் ஆய்வுகள் பாதி விலை. பொத்தானுக்கான குறிப்பில் வருவது தள்ளுபடி போன பின்னுள்ள எண் மட்டுமே. எண் சரிதான், ஆனால் தமக்கு ஒரு சலுகை இருக்கிறது என்பதே புதிய ஆட்டக்காரருக்குத் தெரியாமல் போகிறது. கடைக்காரர்கூடப் பழைய விலையை அடித்துவிட்டுத்தான் புதிய விலையை எழுதுகிறார். அது விற்பனைத் தந்திரம் என்பது உண்மையே. விளையாட்டில் அதே கோடு தந்திரமாவதில்லை. இந்தத் தரப்பின் வலிமை இங்கே இருக்கிறது, இதை வைத்து வியூகம் அமை என்று அது சொல்லித்தருகிறது.

விலை கட்டுப்படியாகாதபோது என்ன நிகழ்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஸ்டார்கிராஃப்டில் கனிமம் போதவில்லை என்று ஒரு குரல் சொல்லும். எந்த வளம் குறைகிறது என்பது தெரிகிறது. எவ்வளவு குறைகிறது என்பது தெரிவதில்லை. ஐந்து குறைந்தால் காத்திருக்கலாம். ஐம்பது குறைந்தால் வேறொன்றை வாங்கலாம். திறந்த மூல விளையாட்டான ஸீரோ ஏடி, மௌரியரும் ஒரு தரப்பாக வரும் அதே விளையாட்டு, போதாத வளங்களின் பெயரையும் இன்னும் வேண்டிய அளவையும் குறிப்பில் எழுதிவிடுகிறது. ஐவரை ஒரே தொகுதியாகப் பயிற்றுவிக்கச் சொன்னால் ஐவருக்கும் சேர்த்தே விலையைக் காட்டுகிறது. பெருநிறுவனங்கள் பார்த்துக் கற்கலாம். நிறத்தை மட்டும் நம்பிச் சிவப்பில் எழுதிவிட்டு ஒதுங்குவது போதாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத ஆட்டக்காரர் எங்கும் உண்டு. இணைய அணுகல்தன்மை நெறிமுறைகள், நிறம் மட்டுமே ஒரு செய்தியைச் சுமக்கக்கூடாது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன.

இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் பொத்தான் இரயில் கால அட்டவணைபோல ஆகிவிடாதா என்ற ஐயம் நியாயமானது. எல்லாவற்றையும் காட்டும் திரையில் எதுவும் கண்ணில் படாது. ஆகவே எல்லை ஒன்று வேண்டும். விளையாட்டின் விதி ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதை இடைமுகம் சொல்லட்டும். எதிராளி இன்னும் தீர்மானிக்காததை ஆடுபவரிடமே விட்டுவிடட்டும். டிரோன் கரையும் என்பது விதி. காலாள் வீரர் வரிக்கோட்டைத் தாண்டவைப்பார் என்பது விதி. ஒரு குதிரைவீரருக்கு 30 வினாடி பிடிக்கும் என்பதால், ஒரு லாயம் இடைவிடாது இயங்க நிமிடத்துக்கு 120 உணவும் 150 பொன்னும் வேண்டும் என்பதும் விதியிலிருந்து நேரே வரும் கணக்கு. அந்தக் குதிரைவீரர் இப்போது தேவையா, எதிராளி ஈட்டிவீரர்களைக் குவித்து வைத்திருக்கிறாரா என்பவை விதியில் இல்லை. இந்த யூனிட் உமக்கு உகந்தது என்று பச்சைக்குறி இடும் இடைமுகம், விலையை மறைக்கும் இடைமுகத்தைப் போலவே ஆட்டத்தைக் கெடுக்கிறது. முன்னது ஆடுபவருக்குப் பதிலாகத் தானே முடிவெடுக்கிறது. பின்னது முடிவெடுக்கவே விடுவதில்லை.

இதுவரை சொன்னவற்றில் தோற்றால் போவது ஓர் ஆட்டம் மட்டுமே. இந்தியாவில் வியூக விளையாட்டு மிகுதியாக ஆடப்படும் இடம் கைப்பேசி; அங்கே போவது ரூபாய். 2012ல் சூப்பர்செல் வெளியிட்ட கிளாஷ் ஆஃப் கிளான்ஸைப் பார்க்கலாம். படையைப் பயிற்றுவிக்க ஒருகாலத்தில் எலிக்சர் என்ற வளம் செலவாயிற்று. 2022ல் அந்தச் செலவை நீக்கிவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் யூனிட்டின் விலையே இல்லாமற்போன வியூக விளையாட்டு. ஆனால் கட்டடங்களையும் படைகளையும் மேம்படுத்த நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்; காத்திருப்பைத் தவிர்க்க ரத்தினக் கற்கள் கொடுக்கலாம்; ரத்தினம் பணத்துக்கு விற்கப்படுகிறது. பொத்தானில் ரத்தினத்தின் எண்ணிக்கை மிகத் தெளிவாக, பளிச்சென்ற நிறத்தில் இருக்கிறது. விலை தெளிவாகக் காட்டப்பட வேண்டும் என்ற இலக்கணத்தை அது எழுத்துப்படி நிறைவேற்றிவிட்டது. அந்த ரத்தினம் எத்தனை ரூபாய் என்பது மட்டும் அங்கே இல்லை.

அதை மனக்கணக்காகப் போடவும் வழியில்லை. ரத்தினங்கள் 80, 500, 1,200 எனத் தொடங்கி 14,000 வரை பல பொதிகளில் கிடைக்கின்றன. பெரிய பொதியில் ஒரு ரத்தினத்தின் விலை குறைவு. ஆக ஒரு ரத்தினத்துக்கு ஒரே விலை என்பதே கிடையாது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தின்மேல்கூட எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை இவ்வளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உண்டு. அதே பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசியில் இருக்கும் பொத்தானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பதின்மூன்று வகைகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன; விலையைத் துளித்துளியாக வெளியிடுவதும் கூடையில் கேளாப் பொருளைச் செருகுவதும் அவற்றில் அடங்கும். விளையாட்டுக்குள் புழங்கும் செயற்கை நாணயம் அந்தப் பட்டியலில் தனியே பெயர் சுட்டப்படவில்லை. ஐரோப்பிய நாடுகளின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகளின் கூட்டமைப்பு 2025 மார்ச்சில் வெளியிட்ட நெறிகளோ அதையே நேரடியாகத் தொட்டன. விளையாட்டு நாணயத்தில் விலை சொல்லும் இடத்தில் உண்மைப் பணத்திலும் விலை சொல்லப்பட வேண்டும் என்பது அவற்றின் சாரம். இந்திய ஆணையத்தின் பட்டியலில் பதினான்காவதாக இதைச் சேர்ப்பதற்கு ஐரோப்பாவைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தாலே போதும்.

நிறுவனங்கள் சொல்லும் மறுப்பு, ரத்தினம் ஆடியும் கிடைக்கிறது, எல்லா ரத்தினத்துக்கும் ரூபாய் மதிப்பு எழுதினால் அது பொய்யாகிவிடும் என்பது. பாதி உண்மை. முட்செடியை அகற்றிப் பெற்ற ரத்தினத்துக்கும் பணம் கொடுத்து வாங்கிய ரத்தினத்துக்கும் திரையில் வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. ஆனால் கலந்தது நிறுவனத்தின் விருப்பத்தால், இயற்கையால் அன்று. ஜப்பானில் முன்பணமாகப் பெறும் செலுத்துமுறைகளுக்கான சட்டத்தின் காரணமாக, பல கைப்பேசி விளையாட்டுகள் விலைக்கு வாங்கிய கற்களையும் இலவசமாகக் கிடைத்த கற்களையும் தனித்தனி எண்களாகவே காட்டுகின்றன. வாங்கியவை எத்தனை என்பது தெரிந்தால், ஆடுபவர் கடைசியாக எந்தப் பொதியை என்ன விலைக்கு வாங்கினார் என்பதும் அதே கணக்கேட்டில் இருக்கிறது. ஒரு மேம்பாட்டை உடனே முடிக்கும் பொத்தானில் ரத்தின எண்ணிக்கைக்குக் கீழே அந்த விகிதத்தில் ரூபாயை எழுத ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் ஆகும்.